முதலில் வந்தவன் யார்?

சென்ற ஏப்ரல் 14 அன்று நெம்மேலி பக்கம் ஒரு காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் நமக்கு வரலாறு பொங்கிக்கொண்டு வரும். அன்றைக்கும் வந்தது. "ஒரகடம் பக்கத்துல வடக்குப்பட்டுல தோண்டியிருக்காங்க. பன்னிரண்டாயிரம் வருஷத்துக் கல்லாயுதம் கிடைச்சிருக்கு. அத்திரம்பாக்கத்துக் கல்லுக்குப் பதினஞ்சு லட்சம் வருஷம் வயசு. இதெல்லாம் யார் செஞ்சது? நம்ம பாட்டன், முப்பாட்டன் செஞ்சது. நாமதான் இந்த மண்ணின் ஆதிக்குடி!" நல்ல கைதட்டல். தோழர்கள் விசிலும் அடித்தார்கள்.

கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது பன்னிரண்டாவது படிக்கிற பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, பதினஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி சாதி இருந்துச்சா?"

"இல்லடா தம்பி."

"அப்ப அவங்க நம்ம ஆளுங்கன்னு எப்படிண்ணே சொல்றீங்க?"

பதில் வரவில்லை. "நேரமாச்சு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டேன். வீடு வரைக்கும் அந்தக் கேள்வி பின்னாலேயே உட்கார்ந்து வந்தது. இந்தத் தலையங்கம் அவனுக்குச் சொல்லாமல் வந்த பதில். மேடையில் நான் பேசியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் இதுதான்.

மண் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி பல்லாவரத்தில் பட்டாளத்தார் அணிவகுக்கும் திடல் பக்கம் செம்புரைச் சரளை எடுத்த குழி ஒன்றில் ஒரு கல்லைப் பார்த்தார். மனிதக் கை தட்டிச் செய்த கல். அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவரோடு கொற்றலையாற்றுப் பக்கம் போய் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். மனிதன் பைபிள் கணக்கைவிட மிகப் பழையவன் என்பதை ஐரோப்பாவின் படித்த கூட்டமே ஒப்புக்கொண்டு அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவுக்குக் கற்காலம் உண்டு என்று முதலில் சாட்சி சொன்னது நம் பக்கத்துச் சரளைக் குழிதான்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் முறையாகத் தோண்டினார்கள். 2011-இல் முடிவு வந்தது. கைக்கோடாரி கிடந்த மண்ணுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு. 2018-இல் இன்னொரு முடிவு. பெரிய கைக்கோடாரியை விட்டுச் சிறிய, திட்டமிட்டுப் பெயர்த்தெடுத்த சில்லுக் கருவிகளுக்கு மாறிய காலம் அங்கே ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதன் கொண்டுவந்ததுதான் இந்தத் தொழில்நுட்பம் என்று சொல்லிவந்தவர்களைத் திரும்ப யோசிக்க வைத்த முடிவு அது.

இந்த வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தோழர்கள் கேட்பதுண்டு. வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் வானத்துக் கதிர் பட்டுப் பட்டு ஒருவகை அலுமினியமும் பெரிலியமும் அணு அணுவாகச் சேரும. கல் ஆழத்தில் புதைந்ததும் சேர்வது நின்றுவிடும். சேர்ந்தது மட்டும் வேறு வேறு வேகத்தில் கரைந்துகொண்டிருக்கும். வங்கி பாஷையில் சொன்னால், வரவு நின்றுபோன கணக்கு, பற்று மட்டும் ஒரே சீராக நடக்கிறது. மீதி என்ன என்று பார்த்தால் வரவு எந்தக் காலத்தில் நின்றது என்று சொல்லிவிடலாம். இதில் பெருமையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. வெறும் கணக்கு.

வடக்குப்பட்டுக்கு வருவோம். இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022-இல் அங்கே தோண்டியது. ரோமாபுரி மதுச்சாடிகளின் ஓடுகள் வந்தன. பொன் அணித்துண்டும் மணியும் வளையல் துண்டும் வந்தன. ஏறக்குறைய முக்கால் மீட்டர் ஆழத்தில் கல்லாயுதங்கள். கைக்கோடாரி, சுரண்டி, வெட்டுக்கருவி. வேட்டையாடி, கிழங்கும் கனியும் சேகரித்து வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து கருவி செய்த இடம் என்றும், 12,000 ஆண்டுப் பழமை என்றும் துறை கணித்தது. முக்கால் மீட்டர் என்பது ஒரு ஆளின் இடுப்பளவுகூட இல்லை. நம் காலனியில் கக்கூஸ் குழி அதைவிட ஆழம்.

இப்படிப்பட்ட முகாமில் ஆய்வாளர்கள் தேடுவது அழகான ஆயுதத்தை மட்டும் அல்ல, குப்பையையும்தான். கல்லைத் தட்டும்போது தெறித்து விழுந்த சில்லு, பாதியில் உடைந்து தூக்கிப் போட்டது, சில்லு எடுத்து முடித்த கருக்கல். செய்து முடித்த ஆயுதத்தைக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். கழிவுதான் இடத்திலேயே கிடக்கும். சில்லுகளைத் திரும்பப் பொருத்திப் பார்த்து, எந்த அடி முதலில் விழுந்தது, எந்த அடி பின்னால் விழுந்தது என்று சொல்கிறார்கள். வேலை செய்தவனின் கை தெரிகிறது. பெயர் தெரியாது. குலம் தெரியாது.

அந்த முகாமில் கிடைக்காதவற்றையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எல்லைக்கல் இல்லை. நெற்களஞ்சியம் இல்லை. ஊர் இல்லை. ஊர் இல்லாததால் சேரியும் இல்லை. அது பொன்னுலகம் என்று நான் கதை விடவில்லை. பசி இருந்திருக்கும், புலி இருந்திருக்கும், பிரசவத்தில் செத்த பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒருவன் தொட்ட தண்ணீரை இன்னொருவன் குடிக்க மாட்டேன் என்று சொல்வதற்கு முதலில் கிணறு வேண்டும். கிணற்றுக்குச் சொந்தக்காரன் வேண்டும். அவனுக்கு நிலம் வேண்டும். நிலத்தில் இறங்கி உழைக்க இன்னொருவன் வேண்டும். இவை எதுவுமே அந்த அடுக்கில் இல்லை.

அந்த அடுக்கில் இருந்தவர்களை "நம்ம ஆளுங்க" என்று சொல்ல முடியுமா? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. உலகத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய நம் இன எலும்பு மொராக்கோ நாட்டில் கிடைத்தது. அதற்கே வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. அப்படியானால் 15 லட்சம் ஆண்டுக்கு முன் கொற்றலையாற்றங்கரையில் கல் தட்டியவர் நம் மனித இனமே அல்ல, நமக்கு முந்திய வேறொரு மனித இனம். அவர் தமிழரும் அல்ல, ஆரியரும் அல்ல, தலித்தும் அல்ல. அவரை "மூத்த குடி" என்று மேடை போட்டுச் சொந்தம் கொண்டாடுகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதே மேடையில் நாமும் ஏறி நின்றால் நம்மைப் பார்த்து யார் சிரிப்பது?

"ஆதி" என்ற சொல் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இதை நான் எழுதவில்லை. நான்கு வருணத்துக்கும் வெளியே தள்ளி நம்மைப் "பஞ்சமர்" என்றார்கள். ஐந்தாவது ஆள் என்று அர்த்தம். அதற்கு நம் முன்னோர் சொன்ன பதில்தான் "ஆதி". ஐந்தாவது என்றவனிடம் முதலாவது என்று சொன்னார்கள். அயோத்திதாசப் பண்டிதர் பூர்வத் தமிழர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் எழுதினார். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் "ஆதி திராவிடர்" என்பது அரசுப் பதிவேட்டில் ஏறியது. குனிந்த தலையை நிமிர்த்திய சொல் அது. அந்தச் சொல்லுக்கு நான் கடன்பட்டவன். என் சான்றிதழிலும் அதுதான் இருக்கிறது, என் வேலையும் அதில்தான் வந்தது.

ஆனால் சுயமரியாதைக்குச் சொன்ன சொல்லை நில உரிமைக்குப் பத்திரமாகக் காட்ட முடியாது. ஏனென்றால் "முதலில் வந்தவன் நான், ஆகவே மண் எனது" என்ற வாதம் நம் வாதமே அல்ல. மிராசுதாரின் வாதம்.

இதைச் செங்கல்பட்டுக்காரர்கள் மறக்கக் கூடாது. தொண்டைமண்டலத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே குறும்பர் இருந்தார்களாம், காடாக இருந்ததாம், ஆதொண்டச் சக்கரவர்த்தி வந்து குறும்பரை வென்று, காட்டை வெட்டி, வெள்ளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினானாம். அப்படி முதலில் குடியேறியவர்களின் வாரிசுக்கு ஊர் நிலம் முழுவதிலும் காணியாட்சி, அதாவது மிராசு. வெள்ளைக்காரன் வந்தபோது இந்தக் கதையைத்தான் உரிமைப் பத்திரமாக நீட்டினார்கள். எல்லிஸ் துரை 1818-இல் மிராசு உரிமை பற்றிப் பெரிய நூலே எழுதினார். அந்தக் கதைக்குள்ளேயே அவர்களுக்கு முன்னால் குறும்பர் இருந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முதலில் வந்தவன் என்று சொல்கிறவன் தனக்கு முன்னால் இருந்தவனை எப்போதும் காடு என்றுதான் எழுதுவான்.

இதன் விலையைக் கொடுத்தது யார்? 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமன்ஹீர் பறையர் நிலை பற்றிய அறிக்கையை எழுதினார். ஊரில் தரிசு சும்மா கிடந்தாலும் பறையன் மனுப்போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்றும், குடிசை போட்ட மனைகூட அவனுக்குச் சொந்தமில்லை என்றும், அதனால் வாய் திறந்தால் குடிசையோடு துரத்தலாம் என்றும் அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. 1892-இல் அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை.

ஃபூட் கல்லெடுத்த பல்லாவரமும், அத்திரம்பாக்கமும், வடக்குப்பட்டும், 1997-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். கல்லைக் கண்டெடுத்த 28 வருஷத்தில் திரெமன்ஹீரின் அறிக்கையும் இதே மண்ணிலிருந்து போயிருக்கிறது. முதல் செய்தி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது செய்தி எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

அம்பேத்கர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார். தீண்டப்படாதார் தனி இனம், தோற்ற பூர்வகுடி என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. 1948-இல் வெளிவந்த "தீண்டப்படாதார்" நூலில் மண்டையோட்டு, மூக்கு அளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, பார்ப்பானும் தீண்டப்படாதவனும் இனத்தால் வேறல்ல என்று வாதாடினார். தீண்டாமை ஆதியிலிருந்து வந்ததல்ல, அதற்குப் பிறந்த தேதி உண்டு என்றார். கி.பி. 400-ஐ ஒட்டி என்று தேதியும் குறித்தார். அகழாய்வுக்காரன் கேட்கும் கேள்வியும் இதுதானே? இது எந்த அடுக்கில் கிடைத்தது?

இன்றைக்கு மரபணு ஆய்வும் அந்தப் பக்கமே விரல் நீட்டுகிறது. இந்தியாவின் மக்கள் கூட்டங்கள் ஏறக்குறைய 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்பு வரை பரவலாகக் கலந்திருக்கிறார்கள், பிறகு கலப்பு சுருங்கி அகமணம் இறுகியிருக்கிறது என்று 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. மேல்சாதிக் கூட்டங்கள் சிலவற்றில் ஏறக்குறைய 70 தலைமுறைக்கு முன் கதவு சட்டென்று மூடியது என்று 2016-இல் கல்யாணியிலுள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணு நிறுவனத்தார் சொன்னார்கள். நம் பக்கத்தில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டில் வரிநீக்கிய நிலக் கணக்கில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. ஆயிரம் வருஷம்.

கணக்குப் பாருங்கள் தோழர்களே. 15 லட்சம் வருஷ மண்ணில் சாதி மேலே படிந்திருக்கும் ஒரு மெல்லிய புழுதி. அது ஆதியில் இல்லை. பிறந்த தேதி உள்ள எதற்கும் இறந்த தேதியும் எழுத முடியும். "நாங்கள் ஆதியிலிருந்தே ஒடுக்கப்பட்டவர்கள்" என்று நாமே சொல்லிக்கொண்டால், சாதி அநாதியானது என்று சொல்கிற சனாதனிக்கு நாமே சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது நம்மீதே வைக்கும் குற்றச்சாட்டு.

முதலில் வந்தவனுக்கே மண் என்றால், இந்தக் கடற்கரைப் பக்கத்தில் யார் நமக்கு முன்னால் நிற்க வேண்டும்? இருளர். கிழங்கு தோண்டவும், எலி வளை பார்க்கவும், பாம்புத் தடம் பிடிக்கவும், காட்டு மூலிகை அறியவும் தெரிந்தவர்கள். 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டம் பாம்புத் தோல் வியாபாரத்துக்கு முடிவு கட்டியபோது அவர்கள் பிழைப்பும் போனது. 1978-இல் இங்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாடு முழுக்க ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்து போயிருக்கிறது. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி.

ஆனால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் இந்த வடமாவட்டங்களில் எத்தனை எத்தனை! சாதிச் சான்று வாங்க அவர்கள் பிள்ளைகள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எத்தனை முறை நடக்கிறார்கள்! ஊருக்கு வெளியே சேரி. அந்தச் சேரிக்கும் வெளியே ஏரிக்கரையில் இருளர் குடிசை. அந்த இரண்டாவது "வெளியே"யை வைத்தது யார்? எல்லாப் பழியையும் ஊர் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. நம் கூட்டத்தில் அன்றைக்கு எத்தனை இருளர் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் நான் உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்கு ஒரு இருளர் கிழவி வந்தார். ஆடு வாங்கக் கடன் வேண்டும்.

"எந்த ஊரும்மா?"

"ஏரிக்கரை சாமி."

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"எங்க பாட்டன் காலத்துலேருந்து."

"அதுக்கு ஆதாரம்?"

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். திருப்பி அனுப்பியவன் நான்தான். விதி அப்படி, நான் குமாஸ்தா, என்றெல்லாம் சொல்லலாம். மேடையில் சொல்லும்போது பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு ஒரு கல் சில்லு எனக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது. எதிரே நின்ற மனுஷிக்கு அவர் வாய்ச்சொல் போதவில்லை.

நாடே இன்று இப்படித்தான் நடக்கிறது. செத்துப்போன வேட்டைக்காரனின் கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி, உயிரோடு இருக்கும் வேட்டைக்காரனுக்குப் பட்டா இல்லை. தோண்டுகிற குழியிலும் இதே கதை. மண்வெட்டி பிடித்து, கூடை சுமந்து, சல்லடை போடுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க் கூலிகள். கல்லுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் அவர்கள் விரலுக்குத்தான் முதலில் தெரிகிறது. பழைய புகைப்படங்களில் அவர்கள் குழியின் ஆழம் காட்டும் அளவுகோல் மாதிரி நிற்கிறார்கள். பெயர் கிடையாது. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கல் தட்டியவன் பெயர் தெரியாது என்றால் அது காலத்தின் குற்றம். போன வருஷம் தோண்டியவன் பெயர் தெரியாது என்றால் அது யார் குற்றம்?

அகழாய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் தோண்டட்டும். மனைப்பிரிவும் தொழிற்பேட்டையும் சரளைக் குவாரியும் தின்பதற்குள் தோண்டட்டும். ஒவ்வொரு அறிக்கையிலும் தோண்டிய தொழிலாளர் பெயரையும் அச்சிடட்டும். கிடைப்பதைப் பெருமைக்குப் பயன்படுத்தாமல், மனிதர் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லப் பயன்படுத்தட்டும்.

நம் வேலை வேறு குழியில் இருக்கிறது. அது தாலுகா ஆபீஸ் பதிவேடு. 1892 ஆணைப்படி கொடுத்த நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருந்தது, எந்த வருஷம் யார் பெயருக்கு மாறியது, யுடிஆர் பதிவுக்கு முந்திய "அ" பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது, பிறகு எந்தக் கை அதை அடித்தது, இதைத்தான் நாம் அடுக்கடுக்காகத் தோண்ட வேண்டும். 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், செங்கல்பட்டுத் துப்பாக்கிச்சூட்டில் விழுந்த ஜான் தாமசும் ஏழுமலையும் பதினைந்து லட்சம் வருஷப் பழமையைக் கேட்டு விழவில்லை. எழுதிக் கொடுத்த நிலத்தைக் கேட்டு விழுந்தார்கள். உழைக்கிறவனுக்கு மண் வேண்டும், மனுஷனாகப் பிறந்தவனுக்குத் தலை சாய்க்க இடம் வேண்டும். இதற்கு முதலில் வந்தோம் என்ற சான்று தேவையில்லை. நேற்று வந்தவனுக்கும் இந்த உரிமை உண்டு.

அடுத்த மாதம் நெம்மேலி சுற்றுவட்டாரத் தோழர்கள் கூடுகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊர் ஊராக மனுப்போட்டுப் பதிவேட்டு நகல் வாங்குவது முதல் வேலை. ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் போய், சாதிச் சான்றும் மனைப்பட்டாவும் இல்லாதவர் பட்டியல் எடுப்பது இரண்டாவது வேலை. அதை அவர்களோடு உட்கார்ந்து எடுப்போம், அவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லி அல்ல.

கேள்வி கேட்ட தம்பி, நீயும் வா. அவர்கள் நம்ம ஆளுங்க என்று சொன்னது தப்பு. சாதி இல்லாமலும் மனிதர் இந்த மண்ணில் வெகுகாலம் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். மனு எழுத நல்ல கையெழுத்து வேண்டும், பேனா எடுத்துக்கொண்டு வா.